பீரோவில் பூட்டிய ஃபைல்

சபையாருக்கும், இந்தச் சபை மலரைக் கையில் வாங்கியதும் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிற எல்லோருக்கும் லில்லியின் ஸ்தோத்திரங்கள். நான் சொல்லும் இரண்டாவது சாட்சி இது. முதல் சாட்சியைச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். அதில் பாதி சரி. மீதிப் பாதியைத் திருத்தத்தான் இப்போது எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பிறந்தது செய்யூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்துதான் என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார்கள். கல்யாணமாகிப் புதுப்பட்டினம் வந்தேன். மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரம் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் லாண்டரி பிரிவில் பதினோரு வருடமாக வேலை. என் வீட்டுக்காரர் தனசேகர், நாவலூர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். அவர் சபைக்குள் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை என்னை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும் வரை வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். எதிர்ப்பு ஒன்றும் கிடையாது. உள்ளே ஃபேன் போதவில்லை என்பார், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம், குளிக்கும்போது வலது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததால் ஒரு மாதம் விட்டுவிட்டேன். பிறகு செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் காட்டி, ஊசி வைத்து சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்றார்கள். அன்றைக்குப் பைக்கில் திரும்பும்போது திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் வீட்டுக்காரர் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "குடி, லில்லி. சூடு ஆறிடும்" என்றார். அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஆபரேஷன் நடந்தது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். பிறகு கீமோ. முடி போயிற்று, புருவம் போயிற்று, வாயில் தண்ணீர்கூட இரும்பு மாதிரி ருசித்தது. பிறகு தினமும் பஸ் பிடித்துப் போய், கரண்டு என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையை வைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எல்லோரும் எனக்காக ஜெபித்தீர்கள். முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தீர்கள். ஆண்டவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். இதுவரை நான் முதலில் சொன்ன சாட்சி. இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சிகிச்சை முடிந்து, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். வெள்ளைப் புடவை, தலையில் முளைத்திருந்த பூனை முடியை மறைக்க முக்காடு. கையில் என் ஆஸ்பத்திரி ஃபைல். பச்சை நிறத்தில், ஒரு பெரிய பூசணிக்காய் கனம் இருக்கும். பேசப்பேச எனக்குள் ஒரு வேகம் வந்தது. ஃபைலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, "ஆண்டவர் என்னைப் பூரண சுகமாக்கிவிட்டார், இனி இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, நேராகப் போய் ஆல்டரில் காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

நம் சபையில் இது புதிதும் இல்லை. எனக்கு முன்னால் சிலர் அப்படி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினீர்கள். போதகர் ஐயா ஃபைல்மேல் கை வைத்து ஜெபித்து, ஆராதனை முடிந்ததும் எடுத்துப்போய்ப் பின் அறையில் இருக்கும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு நான் தரையில் நடந்த மாதிரியே இல்லை.

அந்த ஃபைலுக்குள்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்று எழுதிய சீட்டு இருந்தது. ஐந்து வருடம் தினம் ஒன்று போடவேண்டிய மாத்திரைச் சீட்டும் அதில்தான். கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று படம் போட்ட தாள் ஒன்றும் இருந்தது. எல்லாம் போய்ப் பூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது.

கையில் இருந்த மாத்திரை தீர்ந்ததும் நான் வாங்கவில்லை. பூரண சுகம் என்று மைக்கில் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மாத்திரை விழுங்கினால் அது என்ன விசுவாசம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து லதா சிஸ்டர் என்று ஒருவர் போன் செய்தார். "செக்கப்புக்கு வரலையேம்மா" என்றார். "நான் சொஸ்தமாயிட்டேன் சிஸ்டர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் மறுபடி செய்தார். அந்த நம்பரை போனில் 'ஆஸ்பத்திரி எடுக்காதே' என்று பெயர் போட்டு வைத்துக்கொண்டேன். மாதம் தவறாமல் அந்தப் பெயர் போனில் வரும். நான் தட்டிவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் நாஸ்தா சாப்பிடும்போது தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க ஆண்டவரு சொஸ்தமாக்கிட்டாருன்ற. சரி. அத்த டாக்டரு ஒரு தபா பாத்தா இன்னா கெட்டுப்பூடும்? பாக்கட்டுமே."

"உங்களுக்கு விசுவாசம் இல்ல. உங்களுக்குப் புரியாது" என்றேன்.

"எனக்கு இல்லதான். உனக்குத்தான் கீதே, அப்புறம் இன்னாத்துக்குப் பயப்படுற?"

கோபம் வந்தது. சட்னி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு அவர் மீதித் தோசையை வெறுமனே தின்றுவிட்டு வேலைக்குப் போனார்.

ஐந்தாறு மாதம் போனது. வலது கை கனக்க ஆரம்பித்தது. லாண்டரியில் ஈரமான பெட்ஷீட் லேசாக இருக்காது. மெஷினிலிருந்து நான்கு ஷீட்டைச் சேர்த்து இழுத்தால் ஒரு ஆளைத் தூக்குகிற மாதிரி இருக்கும். அதனால்தான் கனக்கிறது என்று நினைத்தேன். பிறகு விரல் மோதிரம் இறுகியது. பிறகு ஜாக்கெட்டின் வலது கை நுழையவில்லை. தையலைப் பிரித்து விட்டேன். அதுவும் போதவில்லை. புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்தபோது தையல்காரப் பெண், "இன்னாக்கா, ஒரு கை மட்டும் பெருசாக் கேக்குற?" என்றாள். "வேலைக்கு வசதியா இருக்கும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நோட்டில் அளவை எழுதிக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கே போனாலும் ஒரு துண்டைத் தோளிலிருந்து வலது கைமேல் போட்டுக்கொண்டு போனேன். சபைக்கும் அப்படித்தான்.

கட்டி திரும்ப வந்துவிட்டதோ என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. வெளியே சொல்லவில்லை. யாரிடம் சொல்வேன்? நான் மைக்கில் பேசியவள். புதிதாக வரும் விசுவாசிகளுக்கு என்னைக் காட்டித்தான் ஆண்டவரின் வல்லமையைச் சொல்வார்கள். நோயைவிட அந்தச் சாட்சிதான் எனக்குப் பாரமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை கெளுத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முள் வலது கட்டைவிரலில் ஏறிவிட்டது. நம் ஊரில் மீன்முள் குத்தாத கை ஏது? மஞ்சளை வைத்து அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் கை முழங்கை வரை சிவந்து, அடுப்பில் வைத்த மாதிரி கொதித்தது. குளிர் ஜுரம் வந்தது. அவர் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். மூன்று நாளில் ஜுரம் இறங்கியது. வீக்கம் இறங்கவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

அப்போதுதான் நான் உடைந்தேன். இந்தக் கை போனால் வேலை போகும். கட்டி திரும்பியிருந்தால் நானே போவேன். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் ஃபைல் இல்லாமல் எப்படிப் போவது? ஃபைல் எங்கே என்று கேட்டால் ஆண்டவருக்குக் காணிக்கை வைத்துவிட்டேன் என்றா சொல்வேன்? போதகர் ஐயாவிடம் போய் அதைத் திருப்பிக் கேட்டால், காணிக்கையைத் திரும்ப வாங்கின முதல் விசுவாசி நான்தான் ஆவேன்.

மூன்று நாள் மத்தியானம் சாப்பிடாமல் உபவாசம் இருந்தேன். ரிசார்ட்டில் துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. அங்கே நின்று ஒரே ஒரு ஜெபம்தான் செய்தேன். "ஆண்டவரே, அந்த ஃபைல் யாருக்கும் தெரியாமல் என் கைக்கு வரவேண்டும்." சுகம் கொடு என்றுகூடக் கேட்கவில்லை. ஃபைலைக் கொடு என்றுதான் கேட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆண்டவர் கேட்டார். ஆனால் பாதியைத்தான் கேட்டார்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சபைக்கு வெள்ளை அடித்தார்கள். காலையிலேயே பெண்கள் எல்லோரும் துடைப்பமும் வாளியுமாகக் கூடிவிட்டோம். பின் அறைச் சுவரை அடிக்க பீரோவை நகர்த்த வேண்டும். எல்லோரும் நகர்ந்த பிறகு, போதகர் ஐயாவின் மேசையில் இருக்கும் சாவியை எடுத்துத் திறந்துவிடலாம் என்று எனக்கு ஒரு திருட்டு யோசனை இருந்தது. மறைக்க மாட்டேன், இருந்தது.

மேரி அக்காவை உங்களுக்குத் தெரியும். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அவர் குரல் இருந்தால் நம் சபைக்கு மைக் வேண்டாம். அவர்தான் பீரோவின் ஒரு பக்கம். நானும் இன்னும் இரண்டு பேரும் மறு பக்கம்.

"தள்ளுங்கடி! இன்னா, சாப்டலியா யாரும்? தள்ளு!"

கடல் காற்றில் அந்த பீரோவின் கால் எத்தனை வருடமாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்ததோ. ஒரு தள்ளில் கால் முறிந்து, பீரோ சாய்ந்து சுவரில் இடித்தது. பூட்டு தெறித்தது. கதவு இரண்டும் திறந்துகொண்டு, உள்ளே இருந்ததெல்லாம் தரையில் சரிந்தது. பழைய பாட்டுப் புத்தகங்கள், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், ஒரு உடைந்த டியூப்லைட் பட்டி. அதோடு ஃபைல்கள். பச்சை, நீலம், சிவப்பு என்று ஒன்பது ஃபைல்கள். என்னுடையது எல்லாவற்றுக்கும் மேலே மல்லாந்து கிடந்தது. என் பெயரை நானே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

"லில்லி! இன்னாடி இது, உன் ஃபைலு இங்க கீது! ஆல்டர்ல வெச்சியே, அத்தானே?" என்று மேரி அக்கா கத்தினார். வெளியே சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த ஆண்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு மேரி அக்காவின் குரல் திடீரென்று அடங்கியது. நீல ஃபைல் ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சத்தமில்லாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். அது அவருடைய சர்க்கரை ஃபைல். சர்க்கரை விட்டுப்போயிற்று என்று அவர் சாட்சி சொல்லி இரண்டு வருடம் இருக்கும்.

"அக்கா, அது எதுக்கு உங்களுக்கு?" என்றேன்.

"நீ சும்மா கெட" என்றார்.

அப்போதுதான் என் தோளில் துண்டு இல்லை என்று தெரிந்தது. பீரோ தள்ளும்போது விழுந்திருக்கிறது. எல்லோர் கண்ணும் என் கைமேல் இருந்தது. மேரி அக்கா கிட்டே வந்து ஒரு விரலால் என் முழங்கையை அழுத்தினார். குழி விழுந்தது. அவர் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினி நாளாடி இப்பிடி கீது?"

"நாலு மாசம் ஆவுது" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டுப் போதகர் ஐயா வந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, தலையெல்லாம் சுண்ணாம்பு. தரையில் கிடந்த ஃபைல்களைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து என் ஃபைலை எடுத்து, தூசியை லுங்கியில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"எடுத்துக்கம்மா."

"ஐயா, ஆண்டவருக்குக் குடுத்தத திரும்பி வாங்கலாமா?"

"ஆண்டவரு இத்த வெச்சிகினு இன்னாம்மா பண்ணப்போறாரு? வாங்கி உள்ள வெச்சது நானு. வேணாம், நீயே வெச்சிக்கோன்னு அன்னிக்கே சொல்லிருக்கணும். எல்லாரும் கை தட்டிகினு இருந்தாங்க. எனக்கு வாய் வரல. என்ன மன்னிச்சிரு."

ஒரு போதகர் தலையில் சுண்ணாம்போடு நின்று விசுவாசியிடம் மன்னிப்புக் கேட்டதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. அவர் என் ஃபைல்மேல் கை வைத்து ஜெபித்தார். மிகச் சின்ன ஜெபம். இந்த மகள் பயப்படாமல் போகட்டும், பார்க்கிற டாக்டருக்கு நல்ல கண்ணைக் கொடும் என்று. ஜெபித்து முடித்து ஃபைலை என் கையிலேயே கொடுத்தார்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் வேனுக்கு லீவு போட்டார். இருவரும் பைக்கில் செங்கல்பட்டு போனோம். நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கவுண்டரில் நின்று, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"புதுப்பட்டினம் லில்லிதானே? நான்தான் லதா. எத்தினி தபா என் போன கட் பண்ணீங்க?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஃபைல் இல்லாம எப்பிடி வர்றதுன்னுதான் சிஸ்டர்..." என்று இழுத்தேன்.

"ஃபைல் இல்லாங்காட்டி இன்னாம்மா? பேரச் சொன்னா கம்ப்யூட்டர்ல எல்லாம் கீது. எங்களுக்கு நீங்க வந்தா போதும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பக்கமாக நான் தயங்கியதற்கும், மூன்று நாள் பட்டினி கிடந்ததற்கும் காரணமான அந்த ஃபைல் அங்கே தேவையே இல்லையாம். என்ன சொல்வது? ஆனால் ஃபைல் கிடைக்காமல் நான் அந்த கவுண்டருக்குப் போயிருக்கவே மாட்டேன். அது எனக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும்.

டாக்டர் கையால் தடவிப் பார்த்தார். மார்புப் படம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லா முடிவும் வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் எப்படி வேலை செய்தேன் என்று தெரியாது. பதினோராம் நாள் டாக்டர் சொன்னார், கட்டி எங்கேயும் திரும்பவில்லை என்று. நான் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கை வீக்கத்துக்குக் காரணத்தையும் விளக்கினார்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் கையில் ஊறும் நீர் வடியும் வழி குறைந்துவிடுகிறது. ஆபரேஷன் ஆன பலருக்கு இது வரும். ஆரம்பத்திலேயே நான் வந்து காட்டியிருந்தால் சுலபமாகக் கட்டுப்படுத்தியிருக்கலாம். இப்போது முழுவதும் போகாது, ஆனால் குறையும், அடங்கி இருக்கும் என்றார் டாக்டர். அந்த வார்த்தை கொஞ்சம் வலித்தது. என் பிடிவாதத்துக்கு நான் கொடுத்த விலை அது. விட்ட மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். எலும்பு பலமாக இருக்கிறதா என்றும் பார்த்தார்கள்.

பிறகு லதா சிஸ்டர் என்னைத் தனியாக உட்கார வைத்து, தோலை எப்படி மெல்லத் தடவிவிட வேண்டும் என்று என் கையிலேயே செய்து காட்டினார். இறுக்கமான ஒரு கை உறை கொடுத்தார்கள், பகலெல்லாம் போட. அந்தக் கையில் ஊசி போட விடக்கூடாது, பிரஷர் பார்க்க விடக்கூடாது. மீன் கழுவினால் ரப்பர் கையுறை கட்டாயம். சிவந்து சூடானால் அன்றைக்கே வரவேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "தூக்கம் வருதா? மனசுல இருக்கறத வூட்ல யாருகிட்டயாவது பேசறீங்களா?" என்று கேட்டார். ஆபரேஷன் ஆனதிலிருந்து அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவர் மேசையில் தலை வைத்து அழுதேன். அவர் அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார். போனில் இப்போது அந்த நம்பருக்கு லதா சிஸ்டர் என்று பெயர் மாற்றிவிட்டேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பார்த்து, ரிசார்ட்டில் சூப்பர்வைசர் என்னை ஈரத்துணி வேலையிலிருந்து எடுத்து, காய்ந்த ஷீட்டுகளில் கறை, கிழிசல் பார்க்கும் இடத்துக்கு மாற்றினார். அங்கே ஜன்னல் இருக்கிறது, கடல் தெரிகிறது. தினமும் காலையில் என் வீட்டுக்காரர்தான் எனக்குக் கை உறையை மாட்டிவிடுகிறார். அது பிள்ளைக்குச் சொக்காய் மாட்டுகிற மாதிரி அத்தனை சுலபம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். "சோறு கொஞ்சம் கம்மியாத் துண்ணு, கை உள்ள போவும்" என்பார். போன மாதம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தபோது வலது கைக்கும் இடது கைக்கும் அரை இஞ்ச்தான் வித்தியாசம். தையல்காரப் பெண்ணிடம் நானே சொல்லி எழுத வைத்தேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன். உறையோடும் மாத்திரையோடும் சந்தோஷமாக இருக்கிறேன்.

அப்படியானால் நான் சுகமானது பொய்யா என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். இல்லை. ஆண்டவர் சுகம் கொடுத்தார். அந்தச் சுகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடம் கொடுத்தார். அந்த வேலையைத்தான் நான் ஆல்டரில் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். யாருக்கும் தெரியாமல் ஃபைலைக் கொடு என்று கேட்டேன். எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கொடுத்தார். தெரியாமல் கிடைத்திருந்தால் இன்றைக்கும் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டுதான் உங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பேன். மேரி அக்காவும் இப்போது மாதம் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்கிறார். பார்த்த அளவை மார்க்கெட்டுக்கே கேட்கும்படி எங்களுக்குச் சொல்கிறார்.

இப்போது செக்கப்புக்கு முந்தின ஞாயிறு நான் ஃபைலோடுதான் சபைக்கு வருகிறேன். போதகர் ஐயா அதன்மேல் கை வைத்து ஜெபித்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

அன்றைக்கு விழுந்த ஒன்பதில் ஆறு ஃபைல்களை உரியவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மூன்று மட்டும் இன்னும் பின் அறை பீரோவில் இருக்கின்றன. இரண்டில் பெயர் இருக்கிறது, ஒன்றில் கரையான் அரித்துவிட்டது. பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். பீரோவின் காலைச் சரி செய்துவிட்டார்கள், பூட்டைச் சரி செய்யவில்லை. போதகர் ஐயாதான் வேண்டாம் என்றார். சும்மா திறந்துதான் கிடக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை எனக்கு வார லீவு, நான் கூட வருகிறேன்.